இன்னொரு சால்

கோட்டைக்குப்பத்து ஆண்களை நம்பிச் சுவர் வைக்க ஆரம்பித்தால் அந்தச் சுவர் இடுப்பளவோடு நின்றுவிடும் என்பது இருசம்மாளின் கட்சி. அவள் சொன்னதில் பொய்யில்லை. பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த அந்தக் காலத்தில், கோட்டையைச் சுற்றியிருந்த தெருக்களில் பாதிக்குப் பாதி மொட்டைச் சுவர்கள்தான். ஏரியில் இறால் ஏறுகிறது என்று ஒருவன் வாயைத் திறந்துவிட்டால் போதும், சாரத்தில் நிற்பவன் சாரத்திலிருந்தும் சாந்துக் குழியில் நிற்பவன் குழியிலிருந்தும் குதித்து ஓடிவிடுவான். காலில் ஒட்டிய சுண்ணாம்பைக்கூடக் கழுவமாட்டான். ஏரியில் இறங்கினால் அது தானாகக் கழுவிக்கொள்ளும் என்று அவன் கணக்கு. இறால் தீர்ந்து, நண்டு தீர்ந்து, கையில் கிடைத்ததைக் கல்யாணம் காட்சி என்று செலவழித்து அவன் திரும்பி வருவதற்குள் மழை வந்து சுவரின் தலையைக் கரைத்திருக்கும்.

இருசம்மாளும் அதே குப்பத்தில் பிறந்தவள்தான். ஏரியில் கிளிஞ்சல் அள்ளி, காளவாயில் சுட்டு, சுண்ணாம்பாக்கி விற்கிற குடும்பம். புருஷன் கடலுக்குப் போய்த் திரும்பாத பிறகு, வெறும் சுண்ணாம்பு விற்பதோடு நிற்காமல் கட்டட வேலையையே பிடித்து நடத்த ஆரம்பித்தாள். பொம்பளை கொத்து வேலை பிடிப்பதா என்று முதலில் சிரித்தார்கள். என் சுண்ணாம்பு இல்லாமல் எவன் சுவர் வைக்கிறான் பார்க்கலாம் என்று அவள் கேட்டதும் சிரிப்பு அடங்கிவிட்டது. குரல் பெரிது, கை பெரிது, நடந்தால் காலடியும் பெரிது. வெற்றிலைக்குத் தன் காளவாய்ச் சுண்ணாம்பைத் தவிர வேறெதையும் தொடமாட்டாள். தப்பு தன் மேலே இருந்தாலும் முதலில் எதிரே நிற்பவனைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் யோசிக்க உட்காருவாள். அப்படிப்பட்டவளிடம்தான் கௌஸ் மைதீன் மரைக்காயர் வந்தார்.

மரைக்காயர் துணி வியாபாரி. உள்நாட்டில் நெய்து சாயம் போட்ட துணிகளை வாங்கிச் சேர்த்து ஒல்லாந்தர் கப்பல்களுக்குக் கொடுப்பவர். போன வருஷத்து மழையில் அவருடைய ஓலைக் கிடங்கு ஒழுகி, மடித்து வைத்த துணியெல்லாம் பூஞ்சை பூத்து வீணாய்ப் போயிருந்தது. இந்த வருஷம் செங்கல் சுவர், ஓட்டுக் கூரை என்று முடிவு பண்ணியிருந்தார்.

"ஐப்பசி மழைக்கு முன்னாடி கூரை ஏறணும் இருசம்மா. உன் மேல எனக்கு ஒண்ணும் சந்தேகம் இல்ல. உங்க ஆளுங்கள நெனச்சாத்தான் பயமா இருக்கு" என்றார்.

"எங்க ஆளுங்க ஒருத்தனும் வேணாம் மரைக்காரே. இறால் வாசனையே தெரியாத ஆளா இட்டாறேன். வேலை முடியற வரைக்கும் ஏரிப் பக்கம் தலை வெச்சுப் படுக்கமாட்டான். அப்பறம் சொல்லுங்க."

சொன்னபடி செய்தாள். கொத்து வேலைக்குக் குருவய்யா கிடைத்தான். கோதாவரிக் கரைக்காரன். தன் பங்காளிகளோடு கிணறு கட்டுவதற்காக இந்தப் பக்கம் வந்து, கிணறு முடிந்து, அடுத்த வேலை தேடிக்கொண்டிருந்தவன். அவனுக்குத் தமிழில் ஒரு வார்த்தை வராது. ஆனால் அவன் கை வைத்த செங்கல் நகராது. இருசம்மாளுக்குத் தெலுங்கு தாய்மொழி மாதிரி. பழவேற்காட்டில் பிறந்த யாருக்குத்தான் வராது? பாதிப் பேச்சு அங்கேயும் பாதிப் பேச்சு இங்கேயுமாக வளர்ந்த ஊர் அது. அப்பனைக்கூட நைனா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சிற்றாள் வேலைக்கு ஆள் கிடைத்த விதம் வேறு.

அந்த வருஷம் தஞ்சாவூர்ச் சீமையில் பஞ்சம். நாகப்பட்டினத்திலிருந்து வந்த தோணி ஒன்றில், எலும்பும் தோலுமாய் ஒரு கூட்டம் வந்து பழவேற்காட்டுக் கரையில் இறங்கியது. அதிகமும் பெண்கள். கரையில் அவர்களுக்கு முன்னாலேயே ஒருவன் வந்து காத்திருந்தான். காதில் கல் வைத்த கடுக்கன், தலைக்கு மேலே ஓலைக்குடை. கப்பலுக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகன். கஞ்சி ஊற்றுகிறேன், கட்டத் துணி தருகிறேன் என்று பேசிப் படகில் ஏற்றுவான். கேட்பாரில்லாத ஆள் யார் கரையிறங்கினாலும் அவனுக்குச் சொந்தம் என்பது மாதிரி ஊரில் ஆகிப்போயிருந்தது. அப்படி ஏறிப்போனவர்களில் ஒருத்தராவது திரும்பி வந்து, அக்கரை எப்படி இருந்தது என்று சொன்னதில்லை.

கிளிஞ்சல் படகை எதிர்பார்த்து அங்கே நின்ற இருசம்மாள், அந்தக் கூட்டத்தில் முன்னால் நின்ற ஒருத்தியைப் பார்த்தாள். இடுப்பில் பெண் குழந்தை. வெள்ளையம்மா என்று பிறகு பெயர் தெரிந்தது. பசியில் தள்ளாடினாலும் குழந்தையைப் பிடித்திருந்த பிடி தளரவில்லை. இந்தக் கை தண்ணீர்ப் பானையையும் இப்படித்தான் பிடிக்கும் என்று இருசம்மாளுக்குத் தோன்றியது. நேரே போய் நடுவில் நின்றுகொண்டாள்.

"இவங்க என் ஆளுங்க. மரைக்கார் கிடங்கு வேலைக்கு வந்தவங்க."

"எப்பலேர்ந்து?" என்றான் தரகன்.

"அங்க தோணி ஏறச்சொல்லோவே பேசியாச்சு. இன்னா, அதுக்கும் உன்கிட்ட கேட்டுக்கினு வரணுமா?"

மரைக்காயர் பெயரைக் கேட்டதும் தரகன் குடையை மாற்றிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தான். பெரிய வியாபாரியின் வேலையாட்கள் மேல் அவன் கை வைக்கமாட்டான். இருசம்மாள் அவர்களை அழைத்துப் போய் முதலில் கூழ் ஊற்றினாள், மறுநாள் சாந்துக் குழியில் இறக்கினாள். அதில் தர்மமும் இருந்தது, லாபமும் இருந்தது. எது எவ்வளவு என்று அவள் பிரித்துப் பார்த்துக்கொண்டதில்லை.

வேலை பறந்தது. அப்படி ஒரு வேலையை அந்த ஊர் பார்த்ததேயில்லை. விடிந்ததும் சாரத்தில் குருவய்யாவின் ஆட்கள் நின்றார்கள், பொழுது சாயும் வரை நின்றார்கள். கீழே வெள்ளையம்மாவும் அவளோடு வந்த பெண்களும் சாந்து குழைத்துக் கூடை கூடையாக மேலே அனுப்பினார்கள். ஏரித் தண்ணீர் சாந்துக்கு ஆகாது, உப்புப் பூத்துச் சுவர் உதிரும். அதனால் ஊருக்கு அந்தப் பக்கத்துக் கிணற்றிலிருந்து நல்ல தண்ணீர் வரவேண்டும். அது வருகிற பெரிய மண்பானைக்குச் சால் என்று பெயர். கழியில் தொங்கவிட்டு முன்னும் பின்னும் இரண்டு பேர் தோள் கொடுத்தால்தான் அசையும். சால் சாலாகத் தண்ணீர் வந்தது, சுவர் ஆளுயரம் தாண்டியது, ஜன்னல் மட்டம் தாண்டியது.

குப்பத்துக்காரர்களுக்கு வயிறு எரியத் தொடங்கியது. "நம்ம ஊரு வேலை, நம்ம ஊரு சுண்ணாம்பு, சோறு மட்டும் அசலூர்க்காரனுக்கா?" என்று குளத்தங்கரையில் பேச்சு. அது இருசம்மாள் காதுக்கும் வந்தது.

"ஏரி கூப்ட்டா நீங்க ஓடுவீங்க. இவங்கள கூப்பிட எந்த ஏரி கீது? ஓடிப்போக எடமில்லாதவன்தான் வேலைக்கு நல்லவன்" என்றாள். சொன்ன அழகை அவளே ரசித்து, அதைப் போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டும் திரிந்தாள்.

உள்ளூர் ஆள் என்று அந்த வேலையில் மிச்சமிருந்தவன் கருப்பன் ஒருவன்தான். அவளுடைய கொழுந்தன். அவன் என்ன வேலை செய்கிறான் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்வது கஷ்டம். சாரத்துக்கும் குழிக்கும் நடுவில் ஒரு கூடையைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருப்பான். வெற்றிலை மெல்லுவான். மேலேயிருந்து குருவய்யா ஏதாவது கத்துவான், கருப்பன் கீழே பார்த்து ஏதாவது கத்துவான். கீழேயிருந்து பெண்கள் ஏதாவது கேட்பார்கள், அவன் மேலே பார்த்துக் கத்துவான். சும்மா உட்கார்ந்து கத்துவதற்கு ஒரு ஆளுக்குச் சோறு போடுகிறோமே என்று இருசம்மாளுக்கு அவனைப் பார்க்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். இருந்தாலும் செத்துப்போன புருஷனின் தம்பி.

புரட்டாசியில் ஒருநாள் அவன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

"அண்ணி, ஏரி கலங்கிக்கினு கீது. இறால் ஏறுதாம்."

"போயேன். உன்ன யாரு கயிறு போட்டுக் கட்டி வெச்சிருக்காங்க? நீ கத்தலன்னா சுவரு எழும்பாதா?"

அவன் சந்தோஷமாகப் போய்விட்டான். கவிழ்த்துப் போட்ட கூடையை இருசம்மாள் நிமிர்த்தி, மண் சுமக்கக் கொடுத்தாள். ஒரு கூடை மிச்சம் என்று நினைத்துக்கொண்டாள். அவள் வாழ்நாளில் செய்த பெரிய முட்டாள்தனம் அதுதான். அப்போது அது கெட்டிக்காரத்தனம் மாதிரிதான் இருந்தது.

அன்றே அவள் ஏரியோரத்தில் தள்ளியிருந்த தோணிரேவுக்குப் படகில் கிளம்பினாள். அங்கிருந்த காளவாயில் கடைசிச் சுமை கிளிஞ்சல் எரிய வேண்டியிருந்தது. எரிகிற காளவாயை விட்டுவிட்டு வரமுடியாது, பதம் தப்பினால் பாதி வேகாமல் கல்லாய்க் கிடக்கும். எல்லாம் முடித்து, சுட்ட சுண்ணாம்பைப் படகில் ஏற்றி, மேலே ஓலை போர்த்திக்கொண்டு அவள் திரும்பி வரும்போது வழியில் ஒரு தூறல் போட்டது. பெரிய மழையில்லை. சுவருக்குத் தலையில் ஓலை போர்த்தியிருப்பார்கள், பரவாயில்லை என்று நினைத்துக்கொண்டே கரையிறங்கினாள்.

தெருமுனை திரும்பியதும் கால் நின்றுவிட்டது. கிடங்கின் மேற்குச் சுவர், ஜன்னல் மட்டத்துக்கு மேலே இருந்த பாகம் முழுக்க, உள்பக்கமாகச் சரிந்து கிடந்தது. சாரக் கழிகள் முறிந்து குச்சியாய் நீட்டிக்கொண்டிருந்தன. இருசம்மாள் குனிந்து ஒரு செங்கல்லை எடுத்தாள். ஒட்டியிருக்க வேண்டிய சாந்து அவள் கட்டைவிரலில் மோர் மாதிரி வழிந்தது. தன் சுண்ணாம்பு இப்படி வழிந்து அவள் பார்த்ததில்லை.

குருவய்யாவின் கால் செங்கல்லுக்கு அடியில் மாட்டி நசுங்கியிருந்தது. வெள்ளையம்மாவும் மற்றப் பெண்களும்தான் நகம் பெயரப் பெயரச் செங்கல்லைத் தள்ளி அவனை வெளியே இழுத்திருந்தார்கள். ஆனால் மூச்சு வந்து கண் திறந்ததும் அவன் முதலில் விரல் நீட்டியது அவர்களைத்தான். ஓலைக் கொட்டகையில் கட்டிலில் கிடந்தபடி தெலுங்கில் பொரிந்து தள்ளினான்.

"தண்ணீர் வேண்டாம், வேண்டாம் என்று தொண்டை கிழியக் கத்தினேன். கத்தக் கத்தக் கொட்டினார்கள். நான் எவ்வளவு கத்தினேனோ அவ்வளவும் கொட்டினார்கள். வேண்டுமென்றே செய்தார்கள்."

"தண்ணீராய் வந்த சாந்தை ஏன் வைத்தாய்? இறங்கி வந்து கேட்கிறதுதானே?" என்றாள் இருசம்மாள்.

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். "நீதான் சொல்லியிருப்பாய் என்று நினைத்தேன். சுண்ணாம்பை மிச்சம் பிடிக்க."

அவளுக்கு அறைந்தது மாதிரி இருந்தது. கால் நசுங்கிக் கிடக்கிறானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்து வெள்ளையம்மாவைப் பிடித்தாள்.

"ஏண்டி, வேணாம்னு கத்தறான், நீ ஊத்திக்கினே இருந்தியா?"

"வேணாம்னாரா? யாரு சொன்னா?" வெள்ளையம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவரு கேக்கக் கேக்க நாங்க தூக்கிட்டு ஓடியாந்தோம்மா. இங்க பாருங்க, தோள்பட்டையில தோலே இல்ல. ஒரு வாட்டி கேட்டா ரெண்டு வாட்டி கொண்டாந்தோம். அவரு கோவக்காரரு, நாங்க சொணங்குனா நீங்க எங்கள அனுப்பிப்புடுவீங்களோன்னு பயந்துகிட்டுத்தானே ஓடுனோம்."

இருசம்மாள் திகைத்துப் போனாள். ஒருவன் வேண்டாம் என்று கத்தினேன் என்கிறான். ஒருத்தி வேண்டும் என்று கேட்டான் என்கிறாள். இரண்டு முகத்தையும் பார்த்தால் பொய் சொல்கிற முகமாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று பொய்யாகத்தானே இருக்க வேண்டும்?

ஊர் கூடிவிட்டது. குப்பத்து ஆண்களில் இறாலுக்குப் போகாத இரண்டொருவர் வந்து நின்று, அசலூர்க்காரனை நம்பினால் இப்படித்தான் என்று தலையை ஆட்டினார்கள். குருவய்யாவின் பங்காளிகள் அந்தப் பெண்கள் குழைத்த சாந்தை இனிமேல் தொடமாட்டோம் என்று கொத்துக் கரண்டிகளைக் கழுவி மூட்டை கட்டினார்கள். மரைக்காயர் வந்து சரிந்த சுவரைச் சுற்றிப் பார்த்தார். நல்ல மனுஷன், குரலை உயர்த்தவில்லை.

"கொத்தனுங்க போயிட்டா எனக்குக் கிடங்கு இல்ல இருசம்மா. சித்தாளு வேற கிடைக்கும். இந்த ஜனங்கள நாளைக்கு அனுப்பிடு. இனிமே அவங்க என் வேலையாளுனு நான் சொல்லமாட்டேன்."

கூட்டத்துக்குப் பின்னால் ஓலைக்குடை ஒன்று நின்றது. அதற்குக் கீழே கடுக்கன். வெள்ளையம்மா அதைப் பார்த்தாள். தூங்கிக்கொண்டிருந்த குழந்தையைத் தூக்கி, முந்தானையால் இடுப்போடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். ஓடிப்போக இடமில்லாதவன்தான் வேலைக்கு நல்லவன் என்று தான் பெருமையடித்துத் திரிந்தது இருசம்மாளுக்கு அப்போது ஞாபகம் வந்தது. சீ என்று இருந்தது. தன் மேலேயே அவ்வளவு வெறுப்பு அவளுக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை.

மறுநாள் காலையில் இருசம்மாள் கொட்டகை வாசலில் உட்கார்ந்திருந்தாள். எப்படிச் சொல்லி அனுப்புவது என்று வாய் வரவில்லை. குருவய்யாவின் ஆட்கள் வண்டி பேசப் போயிருந்தார்கள். உள்ளே குருவய்யா காய்ச்சலில் முனகிக்கொண்டு கிடந்தான்.

"நீள்ளு" என்றான். தண்ணீர். அந்த ஒரு தெலுங்கு வார்த்தை மட்டும் குழியில் வேலை செய்து செய்து வெள்ளையம்மாவுக்குப் பழகியிருந்தது. பக்கத்தில் வேறு யாருமில்லை. நேற்று தன் மேல் பழி போட்டவன்தான், அனுப்பப்போகிறவர்களில் முதல் ஆள் தான்தான் என்பதெல்லாம் தெரிந்தும், அவள் ஒரு செம்பில் தண்ணீர் மொண்டு போய்த் தலையைத் தாங்கிப் பிடித்து ஊற்றினாள். குருவய்யா குடித்தான். இன்னும் கொஞ்சம் குடித்தான். பிறகு கையைச் செம்பில் வைத்து, "சாலு" என்றான்.

வெள்ளையம்மா ஊற்றுவதை நிறுத்தி அவனை உற்றுப் பார்த்தாள். வாசல் பக்கம் திரும்பிக் கூட்டாளியைக் கூப்பிட்டாள்.

"ஏ புள்ள, ஒரு சாலு கேக்குறாருடி!"

"ஒரு சாலா? ஆளா மாடா அது?"

"காய்ச்சல்ல உள்ள எரியுதோ என்னமோ. கேட்டுட்டாரு, தூக்கு."

இரண்டு பேருமாகக் கழியில் தொங்கிய சாலைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கட்டிலருகில் சாய்த்தார்கள். குருவய்யாவின் கண்கள் விரிந்தன. "சாலு! சாலு!" என்று இரண்டு கையையும் வீசிக் கத்தினான்.

"இந்தா வருது சாமி, வருது, பொறுத்துக்கங்க" என்று வெள்ளையம்மா அன்பாகச் சொல்லிச் சாலை முழுக்கக் கவிழ்த்தாள்.

மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறிக் குருவய்யா திணறினான். வண்டி பேசிவிட்டுத் திரும்பிய பங்காளிகள் அந்த நேரம் பார்த்து உள்ளே நுழைந்தார்கள். நேற்று சுவரைத் தள்ளியவர்கள் இன்று ஆளையே முக்கிக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று கடப்பாரையைத் தூக்கினான் ஒருவன். பெண்கள் அலறினார்கள். இந்தக் களேபரத்தில் வாசலிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. இருசம்மாள் மண்ணில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பில் கண்ணீர் வழிந்தது. நடுவில் அது அழுகையாகிவிட்டது, பிறகு திரும்பவும் சிரிப்பானது.

தெலுங்கில் சாலு என்றால் போதும். தமிழில் சாலு என்றால் சால், இவ்வளவு பெரிய பானை. இருசம்மாள் இரண்டையும் பிறந்ததிலிருந்து கேட்டிருக்கிறாள். கூழ் ஊற்றும்போது சாலு என்று கையால் மறைப்பார்கள், கிணற்றடியில் சாலைத் தூக்கு என்பார்கள். இரண்டும் ஒரே காதில் நுழைந்து தனித்தனி மூலையில் உட்கார்ந்துகொண்டதால், ஒன்றோடொன்று மோதும் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. கோதாவரிக்காரன் ஒருத்தனும் தஞ்சாவூர்க்காரி ஒருத்தியும் நேருக்கு நேர் நின்றால்தான் அது மோதும். அவர்கள் நேருக்கு நேர் நிற்காதபடி நடுவில் கூடையைக் கவிழ்த்துப் போட்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். மேலேயிருந்து சாலு என்று வந்ததை அவன் கீழே போதும் என்று கத்தினான். அதற்குத்தான் அவனுக்குச் சோறு.

எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கடப்பாரைக்காரனின் கையைத் தட்டிவிட்டு அவனுக்குத் தெலுங்கில் சொன்னாள். அப்படியே திரும்பி வெள்ளையம்மாவுக்குத் தமிழில் சொன்னாள். வெள்ளையம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அப்ப அவரு போதும் போதும்னு கதறுனதுக்கெல்லாமா நாங்க..."

"ஆமாண்டி. கதறக் கதற."

தலையிலிருந்து தண்ணீர் சொட்டக் கிடந்த குருவய்யாவின் வயிறு முதலில் குலுங்கியது. சிரிப்புத் தாங்காமல் காலை அசைத்துவிட்டான், வலியில் ஐயோ என்றான், மறுபடியும் சிரித்தான். பிறகு வெள்ளையம்மாவின் பெயர்ந்த நகங்களைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினான். தெலுங்கில் ஏதோ மெல்லச் சொன்னான். அதை மட்டும் யாரும் மொழிபெயர்க்கவில்லை, அவளுக்குப் புரிந்துவிட்டது.

மரைக்காயர் வந்தபோது இருசம்மாள் வேலையிடத்தின் நடுவில், கருப்பன் உட்காரும் இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"சுவரு உழுந்தது அவங்களால இல்ல மரைக்காரே. என்னால. நடுவுல கீற ஆளை நான்தான் அனுப்பினேன். இப்ப நானே நடுவுல நிக்கறேன். ரெண்டு கூட்டமும் இருக்கும், ஒருத்தரையும் அனுப்பமாட்டேன். மழைக்கு முன்னாடி கூரை ஏறலன்னா நான் சுட்ட சுண்ணாம்ப நானே கூடையோட துன்றேன்."

மரைக்காயர் அவளையே பார்த்தார். "வெத்தலையும் வேணுமா, வெறும் சுண்ணாம்பா?" என்று கேட்டுவிட்டு, தாடியைத் தடவியபடி போய்விட்டார். சம்மதம் என்று அர்த்தம்.

வண்டி திரும்பிப் போனது. சரிந்ததை அள்ளி, நீர்த்துப்போன சாந்தைச் சுரண்டிச் செங்கல்லைக் கழுவி எடுத்தார்கள். இருசம்மாள் ஒரு சட்டம் போட்டாள். வருஷக்கணக்காக நாக்கில் ஊறிய வார்த்தையை வேலை மும்முரத்தில் யாராலும் மாற்றிக்கொள்ள முடியாது. ஆகவே இந்த இடத்தில் சாலு என்று யார் சொன்னாலும், எந்த ஊர்க்காரன் சொன்னாலும், இன்னொரு சால் என்றுதான் பொருள். போதும் என்றால் வாயைத் திறக்கக்கூடாது, இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்க வேண்டும். கட்டிலை வெளியே போட்டுக்கொண்டு குருவய்யா படுத்தபடியே மட்டம் பார்த்தான், கையைத் தூக்கினான். அவன் கை மேலே போனால் குழியிலிருந்த பெண்களின் கையெல்லாம் பதிலுக்கு மேலே போகும். தெருவில் போகிறவர்கள் இதென்ன புதுக் கும்பிடு என்று நின்று பார்த்தார்கள். இருசம்மாள் நடுவில் நின்று இரண்டு பாஷையிலும் திட்டினாள். அவளைப் போலத் திட்டக் கருப்பனுக்கும் வராது.

இறால் குறைந்து ஒருநாள் கருப்பன் கூடை நிறைய இறாலோடு வந்தான்.

"இன்னா அண்ணி, என் வேலைய நீ பாத்துக்கினு கீற?"

"உன் வேலை இன்னானு இப்பத்தாண்டா தெரிஞ்சுது. குந்து. இனிமே ஓடறதா இருந்தா உன்ன மாதிரி கத்தறவன் ஒருத்தன உக்கார வெச்சுட்டு ஓடு."

அன்று எல்லாருக்கும் இறால் குழம்பு. இறால் வாசனையே தெரியாத ஆள் என்று அவள் மரைக்காயரிடம் பீற்றிக்கொண்ட குருவய்யா, குப்பத்துக்காரர்களைவிட வேகமாக இறால் உரித்தான். கோதாவரியில் அது இல்லையென்று அவளுக்கு யார் சொன்னார்களோ!

மழை இடியோடு வந்தது. அதற்குள் கூரை ஏறியிருந்தது. உள்ளே நின்று மரைக்காயர் மேற்குச் சுவரில் கையை வைத்துப் பார்த்தார், நெற்றியை வைத்துப் பார்த்தார். ஈரமில்லை. துணி மூட்டைகள் வந்து இறங்கின. "என் தங்கச்சி அமீனா வீட்டுக்கும் மதில் எடுக்கணும்" என்றார் போகிறபோக்கில்.

மழை விட்ட வெயிலில் வெளிச்சுவருக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார்கள். சாலில் தண்ணீருக்குப் பதில் சுண்ணாம்புப் பால். ஓலைக்குடையை விரித்துக்கொண்டு தரகன் வந்தான். சுவரைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். இப்போது அவர்கள் எலும்பும் தோலுமாக இல்லை. அது அவன் கண்ணில் பட்ட விதம் இருசம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

"வேலை முடிஞ்சு போச்சே இருசம்மா. இந்த ஜனங்கள இனிமே வெச்சுக்கினு இன்னா பண்ணப்போற? போதும்னா சொல்லு, நான் இட்டுனு போறேன்."

குழியருகே எல்லாருடைய கையும் நின்றது. வெள்ளையம்மா குழந்தையை அருகே இழுத்துக்கொண்டாள். இருசம்மாள் வெற்றிலையைத் துப்பிவிட்டு நிதானமாக வாயைத் துடைத்தாள். இரண்டு கையையும் இடுப்பில் அழுத்தமாக வைத்துக்கொண்டாள்.

"சாலு" என்றாள்.

தரகனுக்கும் தெலுங்கு தெரியும். அவன் முகம் மலர்ந்தது. குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஓரடி முன்னால் வந்தான். அவனுக்குத் தெரிந்தது தெலுங்குதான், அந்த இடத்துச் சட்டம் தெரியாது. வெள்ளையம்மாவும் அவள் கூட்டாளியும் கழிக்குத் தோள் கொடுத்துச் சாலோடு நடந்து வந்து, அவன் தலைக்கு நேராக அதைக் கவிழ்த்தார்கள். கடுக்கனிலிருந்து வெள்ளை வெள்ளையாகச் சொட்டியது.

கட்டிலில் கிடந்த குருவய்யா சிரிப்புத் தாங்காமல் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினான். வெள்ளையம்மா அதைப் பார்க்காத மாதிரி இன்னொரு சாலை எடுக்கக் குனிந்தாள்.